பாடகரே இல்லாமல் பாடும் பாட்டு

பீட்டில்ஸின் 'எ டே இன் த லைஃப்' உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். 1967-ல் வந்த 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. அதையே ஜெஃப் பெக் 2007-ல் லண்டன் ரோனி ஸ்காட்ஸ் கிளப்பில் மேடையில் வாசிச்சதைக் கேட்டிருக்கீங்களா? அதில் பாடகர் கிடையாது. லெனன் பாடிய வரிகளைக் கிட்டார் பாடுது. ஒரிஜினல் தெரிஞ்சவங்களுக்கு வார்த்தைகளே காதில் விழற மாதிரி இருக்கும்.

இது எப்படி சாத்தியம்?

கிட்டாரைக் காட்டிக்கொடுப்பது ரெண்டு விஷயம். ஒன்று, கம்பியைத் தட்டியதும் 'டங்'குனு ஒரு அடி, பிறகு சத்தம் தேய்ஞ்சுகிட்டே போகும். மனிதக் குரல் அப்படி ஆரம்பிக்காது. பெக் இதுக்கு பிக் பயன்படுத்தவில்லை, விரல்தான். சில இடங்களில் வால்யூமைக் குறைச்சு வச்சுக் கம்பியைத் தட்டுவார். அந்த 'டங்' வெளியே வராது. உடனே சுண்டுவிரலால் நாபைத் திருப்ப, சத்தம் மூச்சு மாதிரி எழும்பி வரும்.

இரண்டாவது, ஃப்ரெட். அது ஸ்வரங்களைப் படிக்கட்டு மாதிரி பிரிக்குது. குரலோ சறுக்கிப் போகும். இங்கேதான் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வாமி பார் வருது. பிரிட்ஜின் ஒரு பக்கம் கம்பிகள் இழுக்க, பின்பக்கம் ஸ்பிரிங்குகள் எதிர்த்து இழுக்குது. பாரை அமுக்கினால் கம்பி தளரும், சுருதி இறங்கும், தூக்கினால் ஏறும். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டா, அரை ஸ்வரம் ஏற இழுவிசை சுமார் 12 சதவீதம் கூடணும். இந்த அளவையெல்லாம் அவர் கையாலேயே, ஓடும் பாட்டுக்கு நடுவில் பிடிக்கிறார். எந்த பெடல் வாங்கினா இந்த சவுண்டு வரும்னு கேட்கிற நண்பர்களுக்கு, மன்னிக்கணும், கடையில் கிடைக்காது.

ஒரிஜினலில் 40 பேர் ஆர்கெஸ்ட்ரா. 24 பார்களுக்குள், ஒவ்வொருத்தரும் தன் வாத்தியத்தின் அடிமட்ட ஸ்வரத்திலிருந்து உச்சிக்கு ஏறணும். கடைசியில் பல பியானோக்கள் சேர்ந்து ஒரே கார்டு, அது 40 விநாடிக்கு மேல் நீளும். சத்தம் தேயத் தேய ரெக்கார்டிங் லெவலைக் கூட்டிக்கிட்டே போனாங்களாம், அழகான இன்ஜினியரிங் தந்திரம்! ரோனி ஸ்காட்ஸில் மேடையில் இருந்தது நாலே பேர்: பெக், டிரம்ஸில் வின்னி கொலையூட்டா, கீபோர்டில் ஜேசன் ரெபெல்லோ, பேஸில் டால் வில்கென்ஃபெல்ட். டாலுக்கு அப்போ நம்ம ஃபைனல் இயர் வயசுதான் (இதை நினைச்சா கொஞ்சம் பொறாமையா இருக்கு). அந்த ஏற்றத்தை நாலு பேரே கட்டி எழுப்பறாங்க, அதுவும் ரீடேக் இல்லாமல்.

2010-ல் இந்த வாசிப்புக்கு கிராமி கிடைச்சது. 2023 ஜனவரி 10-ல், 78 வயதில், பெக் இறந்தார்.

நல்லவேளை, நிகழ்ச்சியின் வீடியோ இருக்கு. முதல்ல ஒரிஜினலைக் கேளுங்க. அப்புறம் இதைப் போடுங்க, அவரோட வலதுகை சுண்டுவிரலை மட்டும் பாருங்க.