வண்டி மையும் எஞ்சின் எண்ணெயும்

மாட்டுவண்டி ஓடிய காலத்தில், நெடும்பயணம் புறப்படுமுன் வண்டிக்காரர் மறவாமல் செய்த வேலை ஒன்றுண்டு. கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, குடத்துக்குள் நுழையும் அச்சின்மீது மை தடவுவார். வைக்கோலைக் கரித்து, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்த மை அது. மையிடாத வண்டி வழியெல்லாம் கிறீச்சிட்டுக்கொண்டே செல்லும், மாடுகள் களைத்துப்போகும், அச்சு தேயும். தெருமுனையிலேயே கேட்டுவிடும் அந்த ஓசைதான் வண்டிக்காரருக்கு எச்சரிக்கை.

இன்று அந்த வண்டியின் இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பால் கேன்களும் மீன் கூடைகளும் காய்கறி மூட்டைகளும் அதன் பின்னிருக்கையில்தான் ஊர் ஊராகச் செல்கின்றன. பல குடும்பங்களுக்கு அதுவே முதலீடு. உராய்வும் உயவும் அன்று இருந்தவாறே இன்றும் உள்ளன. ஆனால், எச்சரிக்கும் ஓசை இல்லை. எஞ்சினில் எண்ணெய் குறைந்தாலும் கெட்டாலும் அது முன்கூட்டிக் கிறீச்சிடுவதில்லை. உலோகம் உலோகத்தின்மீது மோதும் ஓசை காதில் விழும்போது தேய வேண்டியது தேய்ந்து முடிந்திருக்கும். 100 சிசி வண்டி ஒன்றின் எஞ்சினில் இருக்கும் எண்ணெய் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதில் 300 மில்லி குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அக்குறைவை அறிவிக்கும் விளக்கு, சிறிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் இல்லை. எண்ணெய் நிரப்பும் மூடியோடு இணைந்திருக்கும் அளவுக்குச்சி ஒன்றே சாட்சி. அதை வெளியே எடுத்துப் பார்க்கும் பழக்கம்தான் அரிதாக இருக்கிறது.

தாங்கும் படலம்

எஞ்சின் நிமிடத்திற்கு 6000 சுற்றுகள் சுழலும்போது, பிஸ்டன் ஒரு நொடிக்கு 100 முறை மேலேறி 100 முறை கீழிறங்குகிறது. இத்தனை விரைவிலும் அது சிலிண்டர் சுவரோடு உரசி எரிந்துபோகாமல் இருப்பதற்கு, இடையே பரவியுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலமே காரணம். வழுக்கச் செய்வது மட்டுமே எண்ணெயின் வேலை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அது சுமையையும் தாங்குகிறது என்பது 1883ஆம் ஆண்டளவில், எதிர்பாராத வகையில் தெரியவந்தது.

இங்கிலாந்தைச் சேர்ந்த பீச்சாம்ப் டவர் என்னும் பொறியாளர், இரயில் பெட்டிகளின் அச்சுத் தாங்கிகளில் ஏற்படும் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் துளை ஒன்று இடப்பட்டது. அச்சு சுழலத் தொடங்கியதும், எண்ணெய் உள்ளே செல்வதற்கு மாறாகத் துளையின் வழியே மேலே பொங்கி வழிந்தது. தக்கையால் அடைத்தபோது தக்கை வெளியே வந்தது. மரமுளையை அடித்து இறுக்கியபோது அதுவும் வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்த பிறகே உண்மை விளங்கியது: தாங்கியின்மீது ஏற்றப்பட்டிருந்த சுமையின் சராசரி அழுத்தத்தைப் போல இருமடங்கு அழுத்தம் எண்ணெய்க்குள் உருவாகியிருந்தது. 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். சுழலும் அச்சு, தன்னைச் சுற்றியுள்ள எண்ணெயைக் குறுகிச் செல்லும் இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கு நெருக்குண்ட எண்ணெயில் அழுத்தம் உயர்கிறது. அச்சு உலோகத்தைத் தொடாமல் எண்ணெயின்மீது மிதக்கிறது.

மோட்டார் சைக்கிள் எஞ்சினிலும் நிகழ்வது இதுவே. படலத்தின் தடிப்போ சில மைக்ரான்கள் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிப்பில் அது மிகச் சிறிய பங்கு. அந்த இடைவெளிக்குள் ஒரு மணல்துகள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப்பார்த்தால், வடிகட்டி எதற்காக என்னும் கேள்வி எழாது.

ஓர் எண்ணெய், மூன்று வேலை

1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூர் ஆலையிலிருந்து புல்லட் வண்டிகள் வெளிவந்தன. அந்தப் பழைய புல்லட்டில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கிளட்ச் உள்ள பகுதிக்கு வேறோர் எண்ணெய், கியர்ப் பெட்டிக்குத் தனி உயவுப்பொருள் என மூன்றும் வெவ்வேறாக இருந்தன. இன்றைய நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்களில் இம்மூன்று பணிகளையும் பெரும்பாலும் ஒரே எண்ணெய்தான் செய்கிறது. பற்சக்கரங்கள் அதை நசுக்குகின்றன. கிளட்ச் தட்டுகள் அதிலேயே மூழ்கிச் சுழல்கின்றன. காரின் எண்ணெய்க்கு இந்தப் பாடு இல்லை.

ஆகவே, காருக்கு வாங்கி மிச்சமான எண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது சிக்கனம் ஆகாது. கார் எண்ணெய்கள் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. கிளட்சோ உராய்வினால் பிடித்துக்கொள்ளும் உறுப்பு. அப்பொருள்கள் கலந்தால் கிளட்ச் வழுக்கும். எஞ்சின் இரைந்தாலும் வண்டி நகராது. இதைத் தடுக்கவே ஜப்பானிய வாகனத் தர அமைப்பு மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்குத் தனித் தரம் வகுத்தது. எண்ணெய்ப் புட்டியில் 'ஜாசோ எம்.ஏ.' எனக் காணப்படும் குறிப்பு அதையே சுட்டுகிறது.

புட்டியில் உள்ள மற்றொரு குறிப்பு 10டபிள்யூ-30, 15டபிள்யூ-50 என்பது போன்றது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முதல் எண், குளிர்ந்த நிலையில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாம் எண் சூடேறிய நிலையில் அதன் பாகுநிலையையும் காட்டுகின்றன. உயர்ந்த எண் உயர்ந்த தரம் என்று எண்ணுவோர் உளர், அது தவறு. எஞ்சினின் இடைவெளிகளுக்கு ஏற்ற எண்ணெய் எது என்பதை, அதை வடிவமைத்தவர்கள் வண்டியோடு தந்த கையேட்டில் குறித்திருக்கிறார்கள்.

கெடுவது எவ்வாறு?

வெப்பத்தில் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. எரிதலின் புகைக்கரியும், எரியாத பெட்ரோலும், நீராவியும் பிஸ்டன் வளையங்களைக் கடந்து அதில் கலக்கின்றன. கடைத்தெரு வரை சென்று உடனே திரும்பும் வண்டியில் எஞ்சின் முழுமையாகச் சூடேறாததால் அந்த ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடுகிறது. குறைவாக ஓடும் வண்டிக்கும் எண்ணெய் மாற்ற வேண்டிய தேவை இதனால்தான் எழுகிறது. வெப்பத்திலும் பாகுநிலை குன்றாமல் காக்கச் சேர்க்கப்பட்ட நீண்ட மூலக்கூறுகளைப் பற்சக்கரங்கள் நாளடைவில் நறுக்கிவிடுகின்றன.

எண்ணெய் கறுத்துவிட்டாலே கெட்டுவிட்டது என்று கூறுவதற்கில்லை. அதிலுள்ள தூய்மையாக்கும் பொருள்கள் கரியைப் படியவிடாமல் தம்மோடு சுமந்து செல்வதாலும் நிறம் கறுக்கும். நிறத்தைவிட ஓடிய தூரமும் கழிந்த காலமுமே நம்பத்தக்க அளவுகோல்கள். புதிய வண்டிக்கு முதல் மாற்றம் சில நூறு கிலோமீட்டரிலேயே வந்துவிடும்; புதிய உறுப்புகள் ஒன்றோடொன்று இசையும்போது உதிரும் நுண்ணிய உலோகத்துகள்கள் அந்த முதல் எண்ணெயோடு வெளியேறியாக வேண்டும்.

வடித்தலும் நிரப்பலும்

வீட்டில் இவ்வேலையைச் செய்யத் தேவைப்படும் கருவிகள் சிலவே. வடிபோல்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், அகன்ற தட்டு, புனல், அளவுக்குவளை, பழந்துணி, கையுறை ஆகியன போதும். இலவசப் பராமரிப்புக் காலம் முடியாத வண்டியாயின், உத்தரவாதத்தின் நிபந்தனைகளை முதலில் படித்துவிடுதல் நலம். எண்ணெய், வடிகட்டி, போல்டின் வாஷர், வடிகட்டி மூடியின் ரப்பர் வளையம் ஆகிய நான்கையும் போல்டைக் கழற்றுவதற்கு முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். எண்ணெய் வடிந்த வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக முடியாது.

எஞ்சினை மூன்று நான்கு நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான எண்ணெய் எளிதாக ஓடும். அடியில் தங்கிய கசடும் அதனோடு கலந்து வெளிவரும். நெடுந்தூரம் ஓட்டி வந்தவுடன் இதைச் செய்யலாகாது. கொதிக்கும் எண்ணெயும் புகைக்குழாயும் தோலைப் பொசுக்கிவிடும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் தட்டை வைத்து, மேலேயுள்ள மூடியை முதலில் திறக்க வேண்டும். காற்று உள்ளே சென்றால்தான் எண்ணெய் தடையின்றி இறங்கும்.

அடுத்து வடிபோல்ட். எஞ்சினின் அடியிலிருந்து நிமிர்ந்து பார்ப்பவருக்கு இடமும் வலமும் குழம்புவது இயல்பு. போல்டின் தலையை நேராக நோக்கும் நிலையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் அது தளரும். கடைசிச் சுற்றுகளில் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே திருப்பினால், போல்ட் எண்ணெய்க்குள் விழாது. வடிந்து, சொட்டுச் சொட்டாகக் குறையும்வரை பொறுத்திருப்பது நல்லது. அந்த நேரத்தில் போல்டைத் துடைத்துப் பார்க்கலாம். சாம்பல் நிறப் பசைபோல் ஒட்டியிருக்கும் உலோகத்தூள் இயல்பானது. விரலில் நெருடும் துண்டுகளோ செதில்களோ கிடைத்தால், எண்ணெய் மாற்றுவதோடு நிறுத்தாமல் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

வடிகட்டி எல்லா வண்டிகளிலும் ஒரே வகையில் அமைவதில்லை. 100 சிசி வண்டிகள் பலவற்றில் காகித வடிகட்டி இல்லை. கம்பிவலைச் சல்லடை ஒன்றும், சுழற்சியால் மாசினை ஓரத்தில் ஒதுக்கும் மையவிலக்கு வடிகட்டி ஒன்றும் உள்ளன. பின்னதைத் தூய்மையாக்க எஞ்சினின் பக்க மூடி முழுவதையும் கழற்ற வேண்டியிருப்பதால், பழக்கமில்லாதவர் அதை மெக்கானிக்கிடம் விடுவதே அறிவுடைமை. காகித வடிகட்டி உள்ள வண்டிகளில் வேலை எளிது. சிறிய மூடியைக் கழற்றியதும் மடிப்பு மடிப்பான காகித உருளை வெளிவரும். பெரும்பாலும் அதைத் தாங்கும் சுருள்வில்லும் உடன் இருக்கும். எது எந்தப் பக்கம் நோக்கியிருந்தது என்பதைக் கழற்றும்போதே கவனிக்க வேண்டும். சில எஞ்சின்களில் வடிகட்டியைத் திருப்பி வைத்துவிட்டால் எண்ணெயின் வழி அடைபடும். எல்லாம் சரியாக நடந்ததுபோல் வண்டி கிளம்பும். சிறிது தூரத்திலேயே எஞ்சின் இறுகி நின்றுவிடும். புதிய ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிப் பொருத்தினால் மூடும்போது கிழியாது.

இந்த வேலையில் மிகுதியாக நேரும் சேதம் வலிமையால் வருவது. வடிபோல்ட் எஃகு, அது நுழையும் எஞ்சின் கூடோ அலுமினியம். உறுதியாக இருக்கட்டும் என்று முழுபலத்தோடு முறுக்கினால் அலுமினியத்தின் மரை அறுந்துவிடும். அதைச் சீர்செய்ய லேத் பட்டறைக்குச் செல்ல நேரும். ஆகும் செலவு பலமுறை எண்ணெய் மாற்றும் செலவுக்கு நிகராகும். போல்டை முதலில் விரலாலேயே திருகி நேராக ஏறுகிறதா என உறுதிசெய்து, புதிய வாஷரோடு, கையேடு கூறும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும்.

புதிய எண்ணெயை அளந்தே ஊற்ற வேண்டும். கையேட்டில் இரண்டு அளவுகள் இருக்கக்கூடும்: எஞ்சினைப் பிரித்துக் கோத்தபின் ஊற்றுவது ஒன்று, வெறுமனே எண்ணெய் மாற்றும்போது ஊற்றுவது மற்றொன்று. பின்னது சற்றுக் குறைவு. மூலைமுடுக்குகளில் பழைய எண்ணெய் கொஞ்சம் தங்கியே இருக்கும். கூடுதலாக ஊற்றுவதும் தீங்கே. சுழலும் உறுப்புகள் மிகையான எண்ணெயை அடித்து நுரையாக்கும். நுரைக்குச் சுமை தாங்கும் ஆற்றல் இல்லை. நிரப்பிய பின் எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி, எண்ணெய் கீழே இறங்கும்வரை காத்திருந்து, அளவைப் பார்க்க வேண்டும். குச்சியைத் திருகாமல் வைத்துப் பார்ப்பதா, திருகிப் பார்ப்பதா என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். கண்ணாடிச் சாளரம் உள்ள வண்டிகளில் இந்த ஐயம் இல்லை. இரு கோடுகளுக்கு இடையே எண்ணெய் தெரிந்தால் போதும். பின்னர்ப் போல்டையும் வடிகட்டி மூடியையும் துடைத்துக் கசிவு உண்டா எனப் பார்த்து, ஓடிய கிலோமீட்டரையும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

வடித்த எண்ணெய்

தட்டில் இருக்கும் கறுத்த எண்ணெய் இனிமேல்தான் ஆபத்தானது. எரிதலில் உருவான, புற்றுநோயைத் தூண்டவல்ல கரிமச் சேர்மங்களும் உலோக நுண்துகள்களும் அதில் உள்ளன. கையுறை அணியச் சொல்வது அதனால்தான். ஒரு காரிலிருந்து ஒருமுறை வடிக்கும் எண்ணெய் 10 லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டுள்ளது. மோட்டார் சைக்கிளில் இருப்பது அதைவிடக் குறைவு. ஆனால், ஒரு தெருவில் நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் எத்தனை! கிணற்றடியிலோ சாக்கடையிலோ வேலியோரத்திலோ கொட்டப்படும் எண்ணெய் மறைந்துவிடுவதில்லை; மழைநீரோடு மண்ணுக்குள் இறங்குகிறது. கட்டுமான இடங்களில் சென்ட்ரிங் பலகைகளுக்குப் பூசுவதும், வண்டிச் சங்கிலிக்கு இடுவதும் பரவலான வழக்கங்கள். சிக்கனமாகத் தோன்றினாலும், முன்னது நஞ்சைத் தொழிலாளியின் கையில் சேர்க்கிறது. பின்னது உலோகத்தூளைச் சங்கிலியின் இணைப்புகளுக்குள் கொண்டுசெல்கிறது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய எண்ணெய் அபாயகரக் கழிவு. அதேவேளையில் அது வீணான பொருளும் அன்று. கழிவெண்ணெயைச் சுத்திகரித்து அடிப்படை எண்ணெயாக மீட்கும் ஆலைகள் உள்ளன. 2023இல் செய்யப்பட்ட திருத்தம், உயவு எண்ணெய் உற்பத்தியாளர்களுக்கே இந்த மறுசுழற்சியில் பொறுப்பு உண்டு என்றாக்கியது. அது 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டில் எண்ணெய் மாற்றுபவர் செய்ய வேண்டியது எளிது. வடித்ததைத் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலக்காமல் மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் சர்வீஸ் நிலையத்திடமோ பட்டறையிடமோ ஒப்படைக்க வேண்டும். காலியான புதிய எண்ணெய்ப் புட்டியைத் துளையிட்டோ வெட்டியோ அப்புறப்படுத்தினால், அதில் போலி எண்ணெயை நிரப்பி விற்க வழியிராது. பழைய காகித வடிகட்டியின் மடிப்புகளில் ஊறிய எண்ணெய் உடனே வடியாது. அதைத் தட்டின்மீது ஓர் இரவு கவிழ்த்து வைத்து, இறங்கியதையும் அதே கேனில் ஊற்றிய பிறகு மூடலாம்.