சென்னையின் சுரங்க ஸ்டேஷனும் கோயமுத்தூர்ப் பிரயாணியும்

சேரன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பிரயாணம் செய்து சென்னை சென்ட்ரலில் இறங்கிய நமது ஜில்லாவாசி, முன்னாட்களில் முதலில் சந்தித்தது வாசலில் நடக்கும் ஆட்டோ பேரத்தையே. எழும்பூரில் வேறு ரயிலைப் பிடிக்க வேண்டியவரின் பாடு இன்னும் மோசம். இந்த நிலை பெரும்பாலும் மாறியிருக்கிறது. 2018 மே 25-ந் தேதி சென்ட்ரல் சுரங்க மெட்ரோ ஸ்டேஷன் திறக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டைப் பாதையும் பூர்த்தியாகவே, இரண்டு மார்க்கங்கள் அங்கே சந்திக்கலாயின. ஒன்றில் ஏறினால் விமான நிலையம். மற்றொன்றில் அடுத்த ஸ்டேஷனே எழும்பூர், அப்பால் கோயம்பேடு. தாம்பரம் மின்சார ரயிலுக்கான பார்க் ஸ்டேஷனும், வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலுக்கான பூங்கா நகர் ஸ்டேஷனும், வைத்தியத்துக்காக வருவோர் தேடும் அரசு பொது மருத்துவமனையும் நடைதூரத்திலேயே உள்ளன.

இந்த ஸ்டேஷனின் பெருமை பள்ளத்தின் ஆழத்தினால் வந்ததன்று. சிதறிக் கிடந்தவற்றை இணைத்ததினால் வந்தது. லண்டனில் 1863-ல் ஓடிய முதல் சுரங்க ரயிலும், தனித்தனியே நின்ற பெரிய ரயில் நிலையங்களை நகரத்தின் வியாபார மத்தியுடன் சேர்க்கவே வெட்டப்பட்டது.

இனி நமது ஊரைப் பார்ப்போம். ஜங்ஷனில் இறங்குகிறவர் பொள்ளாச்சி செல்ல உக்கடத்துக்கும், திருப்பூர், ஈரோடு செல்லக் காந்திபுரத்துக்கும், திருச்சி, மதுரை செல்லச் சிங்காநல்லூருக்கும், உதகை செல்ல மேட்டுப்பாளையம் சாலைக்கும் போக வேண்டும். நான்கு திக்குக்கு நான்கு பஸ் நிலையங்கள்! வெள்ளலூரில் இவற்றையெல்லாம் ஒன்று சேர்க்க 2020-ல் ஆரம்பித்த கட்டிட வேலை பாதியில் நின்றது. அதுவும் ஜங்ஷனுக்கு வெகு தொலைவு என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

அவிநாசி சாலையிலும் சத்தியமங்கலம் சாலையிலும் மெட்ரோ அமைக்க, பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமொன்றை மாகாண சர்க்கார் அனுப்பியது. இதில் சுரங்கம் இல்லை. பாதை முழுவதும் தூண்களின் மேல்தான். மத்திய சர்க்கார் 2025 நவம்பரில் அதைத் திருப்பியனுப்பிற்று. 2017-ம் வருஷத்து மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் ஜனத்தொகை வேண்டுமாம்; கோயமுத்தூரில் 15.84 லட்சந்தானாம். இது 2011-ம் வருஷத்துக் கணக்கு, அதுவும் மாநகராட்சி எல்லைக்குட்பட்டது. அதே வருஷத்துக் கணக்கிலேயே, சுற்றுப்பட்ட ஊர்களையும் சேர்த்த நகரப் பிரதேசத்தின் ஜனத்தொகை 21 லட்சத்தைத் தாண்டுகிறது. மில்லுக்கும் பட்டறைக்கும் கல்லூரிக்கும் தினந்தோறும் வந்து போகிறவர்கள் எந்த எல்லைக்குள் உறங்குகிறார்கள் என்று ரயில் பார்ப்பதில்லை. சாலையின் அகலம் போதாது என்ற ஆட்சேபம் ஆராயத்தக்கது. இந்த ஜனத்தொகை வாதத்தை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

ஆயினும், டில்லியின் அனுமதியை எதிர்பார்த்தே கைகட்டியிருக்க வேண்டியதில்லை. சென்னையில் 2025 செப்டம்பரில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் 'சென்னை ஒன்' செயலி மூலம் ஒரே டிக்கெட் வழங்க ஏற்பாடாயிற்று. இங்கே, ரயில்கள் வந்து சேரும் வேளையை அனுசரித்து, ஜங்ஷன் வாசலிலிருந்து நான்கு நிலையங்களுக்கும் சுற்று பஸ் விடலாம். ரயில் டிக்கெட்டுடனேயே அதன் கட்டணத்தையும் வசூலிக்கலாம். இதற்குப் பள்ளமும் வேண்டாம், தூணும் வேண்டாம். ரயில்வே இலாகாவும் போக்குவரத்துக் கழகமும் ஒருநாள் ஒரே மேஜையில் உட்கார்ந்து கால அட்டவணையை ஒத்துப் பார்த்தால் போதும்.