பக்கத்துப் பாரைத் தின்னும் கரும்பு

கரும்பு முன்பட்ட நடவு ஜனவரியோடு முடிகிறது. பெரியகுளம், ஆண்டிபட்டி, சின்னமனூர் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: சோதனையில் முதலிடம் பிடித்த ரகம் நம் தோட்டத்தில் ஏன் அந்த எடை தருவதில்லை?

மண், தண்ணீர், பராமரிப்பு என்று அதிகாரிகள் சொல்லும் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் சோதனை வயலுக்குள்ளேயே ஒரு கோளாறு உண்டு. துண்டறிக்கைகள் அதைச் சொல்வதில்லை.

‘சோதனையில் தேறியது’ என்றால் முதல் கட்டங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு பாரில் தேறியது என்றுதான் பொருள். கரணையும் இடமும் குறைவு, ரகங்களோ ஏராளம்; வேறு வழியில்லை. ஏழாம் மாதத்தில் அங்கே போய்ப் பாருங்கள். நெட்டையாக வளர்ந்து தோகை விரித்த ரகம், பக்கத்துக் குட்டை ரகத்தின் வெயிலை மறைத்து நிற்கும். வேர் அதன் உரத்தையும் ஈரத்தையும் இழுக்கும். ஆடிக்காற்றில் சாய்ந்தால் அதன் மேலேயே படுத்துக்கொள்ளும். தனித்தனித் தோட்டமாக நட்டால் இரண்டும் பாருக்கு 60 கிலோ தரும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஒன்று 70, மற்றது 50 காட்டும். முதலாவது தேர்வாகும், இரண்டாவது குப்பைக்குப் போகும். தேர்வானதை உங்கள் தோட்டம் முழுக்க நட்டால் சுற்றிலும் அதே ரகம். யாரிடமிருந்து பிடுங்கும்?

சோதனையைப் பல இடத்தில் திரும்பச் செய்தாலும் இது தீராது. பக்கத்தில் எது நின்றாலும் முரட்டு ரகம் பிடுங்கத்தான் செய்யும்.

இன்னொன்றுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. மண்வளம் அடுத்தடுத்த பார்களின் எடையை ஒன்றுபோல ஆக்கும். போட்டி அவற்றை ஏற்றத்தாழ்வாக்கும். இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிட்டால் கணக்கு சுத்தமாகத் தெரியும், கோளாறு கண்ணில் படாது. இவ்விரண்டையும் பிரித்தெடுக்கும் கணக்குமுறையை ஆஸ்திரேலியக் கரும்பு ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள்.

ஓரப் பார்களை விட்டு, நடுப் பார்களை மட்டும் எடை போடலாமே? அதுதான் சரி. ஆனால் இடம் தாராளமாக உள்ள கடைசிக் கட்டங்களில்தான் அது முடியும்.

சர்க்கரைச் சத்தும் இப்படி ஏமாற்றுமா? பெரிதாக இல்லை, அடி விழுவது எடைக்குத்தான்.

அப்படியானால் கோ 86032 ரகத்தையும் சந்தேகிக்க வேண்டுமா? வேண்டாம். அது 2000-இல் வெளியானது, முழுத் தோட்டமாக நின்று காட்டிய ரகம்.

புது ரகம் தருபவரிடம் என்ன கேட்பது? எத்தனை பார் பாத்தியில் எடை போட்டீர்கள், மறுதாம்பில் எவ்வளவு வந்தது.