நான்கு பக்கமும் அளந்தாயிற்று, பரப்பு தெரியுமா?

வீடு வாங்குவது பல குடும்பங்களில் ஆயுளில் ஒரே முறை நடக்கும் காரியம். விலை பேசி, முன்பணம் கொடுத்து, கிரய உடன்படிக்கை எழுதிக்கொண்டு, பத்திரப் பதிவுக்கு நாள் குறிக்கிறார்கள். அந்த நாள் வருமுன் ஒருமுறை வீட்டுக்குப் போய், நாடா பிடித்து அளந்து பார்த்துவிடுவது நல்லது. பணம் முழுவதும் கைமாறிய பிறகு குறை தெரிந்தால், தீர்வு தேடி அலைய வேண்டிவரும்.

இந்த வேலையில் மாணவர்களாகிய நீங்களும் உதவலாம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் கணக்கே இதற்குப் போதும். ஆனால், எதை அளக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பத்திரத்தில் இல்லாத அளவு

பழைய கிரயப் பத்திரம் ஒன்றை வாங்கிப் பாருங்கள். சொத்து விவரம் என்ற பகுதியில் முதலில் நான்கெல்லைகள் இருக்கும். பிறகு அளவுகள் வரும். எடுத்துக்காட்டாக இப்படி இருப்பதாகக் கொள்வோம்:

கிழமேல் வடபுறம் 38 அடி; கிழமேல் தென்புறம் 42 அடி; தென்வடல் கீழ்ப்புறம் 62 அடி; தென்வடல் மேல்புறம் 58 அடி; ஆக 2,400 சதுர அடி.

இந்த 2,400 எப்படி வந்தது? எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைக் கண்டு பெருக்கியிருக்கிறார்கள். 38-க்கும் 42-க்கும் சராசரி 40. 62-க்கும் 58-க்கும் சராசரி 60. 40 × 60 = 2,400. சென்னைப் பக்கத்தில் இதைத்தான் ஒரு கிரவுண்டு என்பார்கள்.

கணக்கு சரியாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த மனையின் பரப்பு 2,400 சதுர அடி அன்று. அந்த நான்கு அளவுகளைக் கொண்டு மட்டும் பார்த்தால், பரப்பு இவ்வளவுதான் என்று யாராலும் சொல்ல முடியாது!

குச்சிகள் சொல்லும் பாடம்

ஒரு சோதனை செய்து பாருங்கள். தென்னை ஈர்க்குச்சிகளை 6 சென்டிமீட்டரில் இரண்டும் 4 சென்டிமீட்டரில் இரண்டுமாக வெட்டிக்கொள்ளுங்கள். முனைகளை நூலால் கட்டிச் செவ்வகம் ஆக்குங்கள். இப்போது ஒரு மூலையைப் பிடித்து மெல்லத் தள்ளுங்கள். செவ்வகம் சாய்ந்து இணைகரம் ஆகும். இன்னும் தள்ளினால் நான்கு குச்சிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பக்கங்களின் நீளம் மாறவேயில்லை. ஆனால் உள்ளே அடைபட்ட பரப்பு 24 சதுர சென்டிமீட்டரிலிருந்து படிப்படியாகக் குறைந்து ஒன்றுமில்லாமல் போயிற்று.

இனி மூன்று குச்சிகளைக் கட்டி முக்கோணம் செய்யுங்கள். எவ்வளவு தள்ளினாலும் அது உருமாறாது. மூன்று பக்கங்களும் தெரிந்தால் முக்கோணம் முடிவாகிவிடும். நாற்கரம் அப்படியன்று. அதற்கு ஐந்தாவதாக ஓர் அளவு வேண்டும். எதிர் மூலைகளை இணைக்கும் மூலைவிட்டம்தான் அது. அதை அளந்துவிட்டால் நாற்கரம் இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்து, அசையாமல் நின்றுவிடுகிறது.

நில அளவைக்காரர்கள் முக்கோணத்தை நம்புவதும் இதனால்தான். 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெப்பத்தால் சங்கிலி நீளும் என்பதால், வெப்பமானி வைத்துப் பார்த்து அந்தப் பிழையையும் கணக்கில் சேர்த்தார். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்ததுதான் இந்தியாவின் பெரும் முக்கோண அளவை. நம் ஊர்களின் புலப்படங்களிலும் நிலத்தின் குறுக்கே மூலைவிட்டக் கோடுகளைக் காணலாம்.

பழைய வழக்கம், பழைய எச்சரிக்கை

சராசரி கண்டு பெருக்கும் வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. எகிப்தில் எட்ஃபு என்னும் ஊரில் உள்ள ஹோரஸ் கோயிலின் சுவர்களில், கோயில் நிலங்களின் பரப்பு இதே முறையில் கணக்கிட்டு எழுதப்பட்டிருக்கிறது. அவை 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. நம் நாட்டில் 628-ஆம் ஆண்டில் நூல் எழுதிய பிரம்மகுப்தர் இந்த முறையைக் குறிப்பிட்டு, அது தோராயமான பரப்பையே தரும் என்று தெளிவாக்கினார்.

1150-ஆம் ஆண்டில் 'லீலாவதி' எழுதிய பாஸ்கரர் இன்னும் கண்டிப்பானவர். மூலைவிட்டமோ செங்குத்துயரமோ தராமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவரையும், அதற்கு விடை சொல்ல முற்படுபவரையும் பிசாசு என்றே அவர் கடிந்துகொள்கிறார்.

ஏன் எப்போதும் கூடுதல்?

சராசரி முறையின் பிழை சில சமயம் கூட்டியும் சில சமயம் குறைத்தும் காட்டினால் பரவாயில்லை எனலாம். அதுதான் இல்லை. செவ்வகத்துக்கு மட்டும் அது சரியான விடை தரும். மற்ற எல்லா நாற்கரங்களுக்கும் உள்ளதைவிடக் கூட்டியே காட்டும்.

காரணம் எளிது. ஒரு முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் தெரிந்தால், அவற்றின் பெருக்குத் தொகையில் பாதியைவிட அதன் பரப்பு பெரிதாக இருக்க முடியாது. அந்தப் பக்கங்கள் செங்கோணத்தில் சந்தித்தால் மட்டுமே அந்தப் பாதி முழுவதும் கிடைக்கும்.

நம் மனையை ஒரு மூலைவிட்டத்தால் பிரித்தால் 38, 62 பக்கங்கள் ஒரு முக்கோணத்திலும், 42, 58 பக்கங்கள் மற்றொன்றிலும் வரும். பெருக்குத் தொகைகள் 2,356, 2,436. இரண்டின் பாதிகளையும் கூட்டினால் 2,396. மற்ற மூலைவிட்டத்தால் பிரித்தால் 62, 42 ஒரு பக்கமும், 58, 38 மறுபக்கமும் வரும். இதேபோல் கூட்டினால் 2,404. மனையின் பரப்பு இந்த இரண்டு எண்களையும் தாண்ட முடியாது. ஆனால் பத்திரம் சொல்லும் 2,400, இவ்விரண்டின் நடுவில் உள்ள எண்! ஆகவே, இந்தப் பக்கங்களைக் கொண்ட எந்த மனைக்கும் பரப்பு 2,396-ஐத் தாண்டாது. எவ்வளவு குறையும் என்பதை மூலைவிட்டம்தான் சொல்லும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு அளந்தபோது 64 அடி வந்ததாகக் கொள்வோம். ஹெரான் சூத்திரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மூன்று பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதி, அரைச்சுற்றளவு. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழிக்க வேண்டும். அந்த மூன்று விடைகளையும் அரைச்சுற்றளவையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் பரப்பு கிடைக்கும்.

முதல் முக்கோணம்: 38, 62, 64. அரைச்சுற்றளவு 82. கழித்தால் 44, 20, 18. 82 × 44 × 20 × 18 = 12,98,880. வர்க்கமூலம் ஏறத்தாழ 1,140.

இரண்டாவது முக்கோணம்: 58, 42, 64. அரைச்சுற்றளவு 82. கழித்தால் 24, 40, 18. 82 × 24 × 40 × 18 = 14,16,960. வர்க்கமூலம் ஏறத்தாழ 1,190.

கூட்டினால் 2,330 சதுர அடி. பத்திரத்தில் உள்ளதைவிட 70 சதுர அடி குறைவு. சதுர அடி 3,000 ரூபாய் என்று விலை பேசியிருந்தால், இல்லாத நிலத்துக்கு 2,10,000 ரூபாய் போய்ச் சேரும். விற்பவர் ஏமாற்றினார் என்று இதற்குப் பொருளில்லை. அவர் வாங்கியபோது இருந்த பத்திரத்தை அப்படியே நம்பியிருக்கலாம்.

வீடு குறுக்கே நின்றால்?

வெற்று மனையில் மூலைவிட்டத்தை எளிதாக அளக்கலாம். வீடு கட்டிய மனையில் நாடாவைச் சுவருக்குள் நுழைக்க முடியுமா? இதற்கும் வழி உண்டு.

வடகிழக்கு மூலைக்குப் போங்கள். மூலையிலிருந்து வடக்கு மதிலை ஒட்டி 10 அடியில் ஒரு குறி, கிழக்கு மதிலை ஒட்டி 10 அடியில் ஒரு குறி போடுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளங்கள். மூலை செங்கோணமாக இருந்தால் 14 அடி 1¾ அங்குலம் வரும். நம் மனையில் 12 அடி 2¾ அங்குலம்தான் வருகிறது. அதாவது மூலை குறுகியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து வடிவியல் பெட்டியைத் திறவுங்கள். 10, 10, 12.2 சென்டிமீட்டர் பக்கங்கள் கொண்ட முக்கோணத்தை வரைந்தால், மூலையின் கோணம் அப்படியே தாளுக்கு வந்துவிடும். எந்த அளவுத்திட்டத்தில் வரைந்தாலும் கோணம் மாறாது. இனி 5 அடிக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஒரு கையில் 7.6 சென்டிமீட்டரும் (38 அடி) மறு கையில் 12.4 சென்டிமீட்டரும் (62 அடி) குறியுங்கள். இரண்டையும் இணைத்து அளந்தால் 12.8 சென்டிமீட்டர். 5-ஆல் பெருக்கினால் 64 அடி. சுவருக்குள் நுழையாமலே மூலைவிட்டம் கிடைத்துவிட்டது!

இதில் ஒரு கவனம் தேவை. 10 அடிக் குறிகளுக்கிடையே ஓர் அங்குலம் தவறாகப் படித்தால், மூலைவிட்டம் 4 அங்குலத்துக்கு மேல் தவறிவிடும். இடமிருந்தால் 20 அடியில் குறி போடுவது நல்லது. தென்மேற்கு மூலையிலும் இதேபோல் அளந்து வரையுங்கள். அங்கிருந்தும் அதே மூலைவிட்டம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. மீண்டும் அளக்க வேண்டும்.

நாடா செய்யும் தந்திரங்கள்

நாடாவைத் தொய்வாகப் பிடித்தால் அளவு கூடும். நேர்கோட்டை விட்டு விலகினாலும் கூடும். 60 அடி தூரத்தில் நாடாவின் நடுப்பகுதி ஒரு செடியைச் சுற்றிக்கொண்டு 3 அடி விலகினால், மூன்றரை அங்குலம் கூடுதலாகக் காட்டும். சரிவான நிலத்திலும் இதே கதைதான். பரப்புக்கு வேண்டியது கிடைமட்டத் தூரம். 60 அடிக்கு 6 அடி ஏற்றம் இருந்தால், சரிவை ஒட்டி அளப்பவருக்கும் அதே மூன்றரை அங்குலம் கூடும். சராசரி முறையும் இப்படித்தான் செய்தது அல்லவா? அவசரத்தில் நேரும் இந்தப் பிழைகள் எல்லாம் இடத்தைப் பெரிதாகவே காட்டுகின்றன. நிதானமாக அளப்பது வாங்குபவருக்குத்தான் லாபம்.

துணி நாடா மட்டும் இதற்கு மாறு. பழகப் பழக இழுபட்டு நீளும். அதனால் அளவைக் குறைத்துக் காட்டும். எஃகு நாடாவே மேல். நாடாவில் சுழி எங்கே தொடங்குகிறது, வளையத்தின் வெளி விளிம்பிலா உள்ளேயா என்பதையும் முதலில் பாருங்கள்.

5 அடி 6 அங்குலத்தை 5.6 என்று எழுதிவிடாதீர்கள். அடிக்கு 12 அங்குலம். ஆகவே அது 5.5 அடி. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றிருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஊரில் சென்ட் என்பார்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. இந்த விந்தையான எண் எப்படி வந்தது? 66 அடி நீளமுள்ள கண்டர் சங்கிலியால் 10 சதுரச் சங்கிலி அளந்தால் ஓர் ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி. அதில் நூற்றில் ஒரு பங்கே சென்ட். நம் மனை 5½ சென்ட் அன்று, ஏறத்தாழ 5.35 சென்ட்.

சுவருக்கு அடியில் எவ்வளவு?

மனையை அளந்த பின் வீட்டையும் அளங்கள். வெளிப்புறம் 25 அடிக்கு 40 அடி இருந்தால் 1,000 சதுர அடி வீடு என்பார்கள். ஆனால் வெளிச்சுவர் 9 அங்குலக் கனம் என்றால், உள்ளே 23½ அடிக்கு 38½ அடிதான் இருக்கும். பெருக்கினால் 905 சதுர அடிக்கும் சற்றுக் குறைவு. ஏறத்தாழ 95 சதுர அடி சுவர்களுக்கு அடியில் போய்விடுகிறது. ஆகவே பரப்பு சொல்லப்படும்போது, சுவரையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்க வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் இந்தக் குழப்பம் நேராதிருக்க, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் கார்ப்பெட் ஏரியாவுக்கு வரையறை தந்தது. அதில் வெளிச்சுவர் சேராது. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் சேரும்.

உங்கள் கணக்கும் பத்திரமும் ஒத்துப்போகாவிட்டால் பெரியவர்களிடம் காட்டுங்கள். வட்ட அலுவலகத்துக்கு விண்ணப்பித்து, உரிய கட்டணம் செலுத்தினால் அரசு நில அளவர் வந்து அளந்து தருவார். முடிவான அளவு அதுவே. ஆனால் அவரை அழைக்க வேண்டுமா என்பதைச் சொல்ல உங்கள் நாடாவும் தாளும் போதும்.

முதல் பயிற்சியை உங்கள் வகுப்பறையிலேயே தொடங்கலாம். நான்கு பக்கங்களையும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். எதிர்ப் பக்கங்கள் சமமாகவும் மூலைவிட்டங்கள் சமமாகவும் இருந்தால் அறை செவ்வகம். நீளத்தை அகலத்தால் பெருக்கினால் போதும். இல்லையென்றால், ஒரு மூலைவிட்டத்தால் அறையை இரண்டு முக்கோணங்களாக்கிப் பரப்பைக் காணுங்கள். சராசரி முறையிலும் கண்டு, எவ்வளவு கூடுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.