அப்பத்தாவின் மாத்திரையும் ஹைட்ரோஜெல்லும்

போன தீபாவளி லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மா இடிகல்லில் எதையோ நுணுக்கிக்கொண்டிருந்தார். பார்த்தால் அப்பத்தாவின் சர்க்கரை மாத்திரை! "கரையவே மாட்டேங்குதுடா. முழுங்கினது அப்படியே வெளிய வந்துருது. காசு வீணாப் போகுதே" என்றார். கொஞ்ச நாளாக அப்பத்தாவுக்கு வயிற்றுப் புரட்டலும் பேதியும் வேறு. அட்டையை வாங்கிப் பார்த்தேன். மெட்ஃபார்மின் எக்ஸ்ஆர். வீட்டில் இங்கிலீஷ் எழுத்துப் படிக்கிற ஆள் நான் ஒருவன்தான். அந்தக் கடைசி இரண்டு எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது.

எக்ஸ்ஆர் என்றால் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல மணி நேரம் விடுகிற மாத்திரை. மருந்தோடு ஹைட்ராக்ஸி புரொப்பைல் மெத்தில் செல்லுலோஸ் போன்ற பாலிமரைக் கலந்து அழுத்தியிருப்பார்கள். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம்! ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினை நினைத்துக்கொள்ளுங்கள். கல் மாதிரி இருப்பது ராத்திரி ஊறப்போட்டால் காலையில் கொழகொழவென்று பொங்கி நிற்கிறதல்லவா? தண்ணீரை இழுத்து உப்பி நிற்கும் இந்த மாதிரிப் பாலிமர் வலைதான் ஹைட்ரோஜெல்.

வயிற்றில் நனைந்ததும் மாத்திரையின் மேல்பரப்பு ஜெல்லாகி உறை போல மூடிக்கொள்ளும். தண்ணீர் மெதுவாக உள்ளே போய் மருந்தைக் கரைக்கும். கரைந்த மருந்து, பாலிமர் சங்கிலிகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீர்ச் சந்துகளில் புகுந்துதான் வெளியே வர வேண்டும். செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவும் இந்த விதியை 1855-ல் சொன்னவர் அடால்ஃப் ஃபிக். மருத்துவம் படித்தவர்!

நேரம் ஆக ஆக மருந்து கடக்க வேண்டிய தூரம் கூடும், வேகம் குறையும். களிம்புக்காக 1961-ல் ஹிகுச்சி போட்ட சமன்பாடு இதற்கும் ஓரளவு பொருந்தும். வெளிவந்த அளவு, நேரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். 1 மணியில் 100 மி.கி. வந்தால், 200 வர 4 மணி, 300 வர 9 மணி. மேல் ஜெல் கரைந்துகொண்டும் இருப்பதால் கணக்கு முன்னே பின்னே போகும்.

இடித்துவிட்டால் உறை ஏது? பல மணி நேரம் வர வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும். வயிற்றுப் புரட்டல் அதனால் வந்திருக்கலாம். முழுங்க முடியாதவர்கள் டாக்டரிடம் சொல்லி வேறு மருந்து கேட்பதுதான் சரி.

அப்போது வெளியே வந்தது? மருந்து போனபின் மிஞ்சிய ஜெல் சக்கை. "கெட்டியா இருந்துச்சா அப்பத்தா?" என்றேன். "இல்லய்யா, களி மாதிரி" என்றார்.

அம்மா நம்பவில்லை. ஒரு மாத்திரையைத் தம்ளர் தண்ணீரில் போட்டுவைத்தேன். சாயங்காலம் அது உப்பி, வழுவழுவென்று கிடந்தது. அப்பத்தா விரலால் அமுக்கிப் பார்த்து, "பிசினேதான்" என்றார். ஒரு மாத்திரை வீணாகிவிட்டதே என்று அம்மாவுக்குத்தான் வருத்தம்.