ஃபிலிம் போச்சு, ஜெலட்டின் மிஞ்சிச்சு

சாப்ட்வேர் துறையில் இருபது வருஷமாக இருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போது பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. "ஏஐ வந்துடுச்சு, அடுத்து என்ன படிக்கலாம்?" நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது டீக்கடை அரட்டை இல்லை. வீட்டுக்கடன் தவணை ஓடுகிறது, பிள்ளைகள் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். நானும் அந்த வயதுக்காரன்தான்.

என்னைக் கேட்டால், 'அடுத்து என்ன?' என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, 'இப்போது என்னிடம் என்ன இருக்கிறது?' இந்த வரிசை ஏன் முக்கியம் என்று புரிந்துகொள்ள ஃபிலிம் கம்பெனிகளின் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். கோடக் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். அதில் பாதிதான் நமக்குச் சொல்லப்படுகிறது.

கோடக் தூங்கவில்லை

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது. 1975-ல் கோடக் எஞ்சினியர் ஸ்டீவன் சாசன் ஒரு டிஜிட்டல் கேமராவைச் செய்தார். 0.01 மெகாபிக்சல், கருப்பு வெள்ளை. ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 நொடி ஆகும். நிர்வாகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2012 ஜனவரியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. நீதி: மாறாதவன் அழிவான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு வருஷத்தைப் பாருங்கள். 2005-ல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடத்தில் இருந்தது யார் தெரியுமா? கோடக்தான்! அதாவது கோடக் மாறியது. பெரும் பணம் கொட்டி, ஊரே கைகாட்டிய திசையில்தான் மாறியது. அப்படியும் தப்பவில்லை.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஃபிலிம் வாங்கியவர் மறுபடி மறுபடி வந்தே ஆக வேண்டும். ரோல் வாங்கணும், கழுவணும், பிரிண்ட் போடணும். ஒவ்வொரு கல்யாணமும் பிறந்தநாளும் கம்பெனிக்கு வருமானம். டிஜிட்டல் கேமராவை ஒருமுறை வாங்கினால் கதை முடிந்தது. அதற்கான சென்சாரும் சிப்பும் கடையில் கிடைக்கும், எந்த எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியும் செய்யலாம். லாபம் சொற்பம்.

அந்தச் சொற்பமும் நிலைக்கவில்லை. ஜப்பான் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி 2010-ல் உலகச் சந்தைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2020-ல் அது ஒரு கோடிக்கும் கீழே வந்துவிட்டது. எல்லாவற்றையும் செல்போன் விழுங்கியது. சரியான இடத்துக்குத் தாவியவர்களின் காலடி மண்ணும் பத்து வருஷத்தில் சரிந்தது. அதனால்தான் 'காலத்துக்கு ஏற்ப மாறு' என்ற அறிவுரை மட்டும் போதாது என்கிறேன். எதற்கு மாறுகிறோமோ அதுவும் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கோடக்கிடம் ஒரு ரசாயனக் கம்பெனி இருந்தது. 1988-ல் ஸ்டெர்லிங் டிரக் என்ற மருந்துக் கம்பெனியை 510 கோடி டாலருக்கு வாங்கியது. மருத்துவப் படமெடுக்கும் பிரிவும் இருந்தது. 1994-ல் ரசாயனக் கம்பெனியைப் பிரித்துவிட்டது, மருந்துத் தொழிலை விற்றது. கடன் சுமை இருந்தது, புகைப்படத்தில் மட்டும் கவனம் செலுத்துவோம் என்பது திட்டம். 2007-ல் மருத்துவப் பிரிவையும் விற்றது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபூஜி எடுத்த கணக்கு

ஜப்பானின் ஃபூஜி 1934-ல் தொடங்கிய கம்பெனி. உலகில் கலர் ஃபிலிம் விற்பனை உச்சத்தைத் தொட்டது 2000 வாக்கில். அதற்குப் பிறகு சரிவு, அதுவும் சில வருஷங்களில் இருபது முப்பது சதவீதம். பத்தே வருஷத்தில் தேவை உச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. ஃபூஜியின் லாபத்தில் பெரும்பகுதி ஃபிலிமிலிருந்தும் அது சார்ந்த பொருட்களிலிருந்தும் வந்துகொண்டிருந்த நேரம் அது.

2000-ல் தலைவராக வந்த ஷிகேடகா கொமோரி, கம்பெனியிடம் உள்ள தொழில்நுட்பம் ஒவ்வொன்றையும் பட்டியல் போடச் சொன்னார். பிறகு நாலு கட்டம். கையில் இருக்கும் தொழில்நுட்பம், புதுத் தொழில்நுட்பம் ஒரு பக்கம். தெரிந்த சந்தை, தெரியாத சந்தை இன்னொரு பக்கம். எது எங்கே பொருந்தும் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள்.

சரி, ஒரு ஃபிலிமுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? நமக்கு அது ஒரு டப்பாவில் சுருட்டி வைத்த பிளாஸ்டிக். செய்கிறவருக்கு அப்படி இல்லை. செல்லுலோஸிலிருந்து எடுத்த, கண்ணாடி போலத் தெளிவான ஒரு அடித்தாள். அதன் மேல் தலைமுடியை விட மெல்லிய கனத்துக்குள் சுமார் 20 அடுக்குகள். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின், அதாவது கொலாஜனிலிருந்து வருவது. நிறம் மங்காமல் இருக்க ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் வேதிப்பொருட்கள். எல்லாவற்றையும் மிக நுண்ணிய துகள்களாக்கி, இருட்டில், ஒரே சீராகப் பூச வேண்டும்.

இப்படிப் பிரித்துப் போட்டதும் ஒவ்வொரு துண்டுக்கும் வேறு வேறு வாசல் தெரிந்தது.

1. அந்த அடித்தாள் எல்சிடி டிவிக்கும் மானிட்டருக்கும் போனது. அவற்றில் இருக்கும் போலரைசரைப் பாதுகாக்கும் மெல்லிய தாள் அதே பொருள்தான். ஃபிலிமைக் கொன்ற டிஜிட்டல் அலையிலேயே ஃபூஜி இதை விற்றது.

2. கொலாஜன், நிறம் மங்காமல் காக்கும் வேதியியல், நுண்துகள் வித்தை மூன்றும் சேர்ந்து முகத்துக்குப் பூசும் கிரீமாக மாறின. நம் தோலிலும் கொலாஜன்தான் முக்கியப் பொருள். வெயிலில் போட்டோ மங்குவதும் தோல் மூப்படைவதும் வேதியியலில் நெருங்கிய சமாசாரங்கள். அஸ்டாலிஃப்ட் என்ற பெயரில் 2007-ல் விற்பனைக்கு வந்தது.

3. பல்லாண்டுகளாகச் சேர்த்த வேதியியல் அனுபவம் மருந்துப் பக்கம் போனது. 2008-ல் டொயாமா கெமிக்கல் என்ற மருந்துக் கம்பெனியை ஃபூஜி வாங்கியது.

4. எக்ஸ்ரேயை டிஜிட்டலாகப் படிக்கும் கருவியை ஃபூஜி 1980-களிலேயே விற்கத் தொடங்கியிருந்தது. மருத்துவப் பக்கம் இன்னும் பெரிதாக வளர்ந்தது.

ரசாயனம், மருந்து, மருத்துவப் படம். கோடக் கைவிட்ட அதே மூன்று! 2006-ல் ஃபூஜி தன் பெயரிலிருந்தே 'போட்டோ' என்ற சொல்லை எடுத்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு 'ஃபூஜிக்காரன் கெட்டிக்காரன், கோடக்காரன் மக்கு' என்று முடித்துவிட வேண்டாம். ஃபூஜிக்கு ஒரு முட்டு இருந்தது. 2001-ல் ஃபூஜி ஜெராக்ஸ் கூட்டு நிறுவனத்தில் தன் பங்கை 50-லிருந்து 75 சதவீதமாக உயர்த்தியிருந்தது. ஜெராக்ஸ் மெஷின் வருமானம் அந்த இடைவெளியைத் தாங்கியது. இன்னொன்று, வலி இல்லாமலும் நடக்கவில்லை. 2006-ல் ஃபிலிம் பிரிவில் 5,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தார்கள். கம்பெனி பிழைத்தது, அந்த 5,000 பேர் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

ஊட்டியிலும் ஒன்று இருந்தது

நம்மூரிலும் ஃபிலிம் செய்தார்கள். 1960-ல் ஊட்டியில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம். 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் வந்தன. குளிர்ந்த, தூசில்லாத காற்றுக்காக நீலகிரியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1990-களின் நடுவிலேயே அது நலிந்த நிறுவனமாகிவிட்டது. 2014-ல் ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது.

ஃபூஜியில் வேலை போனவரையும் ஊட்டித் தொழிலாளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டு பேருமே கம்பெனி எந்தத் திசையில் போகணும் என்று முடிவு செய்யும் இடத்தில் இல்லை. நம்மில் பெரும்பாலோர் நிலையும் அதுதான். தலைவர் போடும் பட்டியல் கம்பெனிக்காகப் போடுவது. அதில் நம் பெயர் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. நம் பட்டியலை நாமேதான் போட வேண்டும்.

பதவிப் பெயரைக் கிழித்துப் பாருங்கள்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது விஷுவல் பேசிக் 6-ல் சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு மென்பொருள் எழுதினேன். 'வி.பி. புரோகிராமர்' என்பதுதான் என் அடையாளம். 2008 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அந்த மென்பொருளுக்கான ஆதரவை முழுசாக நிறுத்தியது. அடையாளம் போச்சு. ஆனால் டேட்டாபேஸில் தகவலை எப்படி அடுக்குவது, மாசக் கடைசியில் அக்கவுண்ட்ஸ்காரர் எதற்காக அலறுகிறார், கணக்கு பத்து பைசா உதைத்தால் எங்கே தேடுவது என்பதெல்லாம் எங்கேயும் போகவில்லை. அதன் பிறகு மூன்று நாலு மொழிகள் மாறிவிட்டன. சோறு போடுவது இன்றைக்கும் இவைதான்.

ஆகவே ஒரு தாளை எடுங்கள். ரெஸ்யூமேயில் இருக்கும் மென்பொருள் பெயர்கள் எதையும் எழுதக்கூடாது என்பது ஒரே நிபந்தனை. போன வருஷம் செய்த வேலையை நினைத்து, 'எதைக் கேட்க என்னிடம் வந்தார்கள்?' என்று பத்து வரி எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் மூன்று விதமாகப் பிரிக்கலாம்.

கருவியோடு போய்விடுவது: எந்த மெனுவில் எது இருக்கிறது, எந்த கட்டளையை எப்படி அடிக்கணும் என்பது. இதை ஏஐ ஏற்கெனவே செய்கிறது. விட்டுவிடுங்கள்.

கம்பெனியோடு போய்விடுவது: யாரிடம் கேட்டால் காரியம் நடக்கும், பழைய கோடில் எந்த மூலையில் என்ன புதைந்திருக்கிறது என்பது. இந்த அலுவலகத்தில் இதற்கு நல்ல மதிப்பு உண்டு, கேட்டைத் தாண்டினால் கிடையாது. பலர் இதைத்தான் தங்கள் அனுபவம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கூடவே வருவது: ஒரு தொழிலின் உள் நடைமுறை, தப்பைக் கண்டுபிடிக்கும் பொறுமை, குழப்பமாகப் பேசும் வாடிக்கையாளரின் தேவையைப் பிரித்தெடுப்பது. நம் ஜெலட்டின் இதுதான்.

மூன்றாவது வகை குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம். எதைச் சேர்க்க வேண்டும் என்றாவது தெரிந்துவிட்டது. பிறகு நாலு கட்டம் போட்டு, கையில் இருப்பதை வைத்து எந்தப் பக்கத்து வாசலைத் தட்டலாம் என்று பாருங்கள். சம்பள மென்பொருள் தெரிந்தவர் வரித் தணிக்கைப் பக்கம் நகர்வது ஒரு அடி. திறமையும் புதுசு, சந்தையும் புதுசு என்ற கட்டத்துக்கு ஒரே தாவாகப் போவது, முழங்கால் வலியோடு கிணற்றைத் தாண்டுவது மாதிரி. நாற்பதில் அதற்குத் தெம்பு இருப்பவர்கள் உண்டு, எல்லோருக்கும் இல்லை.

ஃபூஜியின் ஜெராக்ஸ் முட்டு போல நமக்கும் ஒன்று வேண்டும். என் கணக்கில் அது ஒரு வருஷக் குடும்பச் செலவுக்கான சேமிப்பு. அது இல்லாவிட்டால் பட்டியல் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் கிடைத்த வேலையில்தான் போய் விழுவோம்.

ஃபூஜி கணக்கெடுக்க உட்கார்ந்தபோது ஃபிலிம் பணம் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. சம்பளம் வரும் மாதத்தில் இந்தத் தாளை எழுதினால் நிதானமாக யோசிக்கலாம். வேலை போன மறுநாள் எழுதினால் கை நடுங்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள்.