மெருகேற்றிய கருநிறக் காரில் பனிமூட்டம் போன்ற மங்கல்: காரணம் என்ன? நீக்குவது எப்படி?

கொல்கத்தா: மழைக்காலம் விடைபெறும் செப்டம்பர் மாதத்தில் கொல்கத்தாவின் வாகனப் பட்டறைகளில் பரபரப்பு கூடுகிறது. விஸ்வகர்மா பூஜையன்று வாகனங்களையும் கருவிகளையும் தூய்மை செய்து வழிபடுவது இங்குள்ள மரபு. துர்கா பூஜையும் அடுத்து வருவதால், காரை இயந்திரத்தால் மெருகேற்றி வைக்கப் பலரும் விரும்புகின்றனர். கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு நிறக் கார்களின் உரிமையாளர்களுக்கு இதில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கக்கூடும். பட்டறையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிபோல் மின்னிய கார், மறுநாள் காலை வெயிலில் சாம்பல் பூத்ததுபோல் காட்சியளிக்கும்.

இந்நிலையில், "இன்னும் அழுத்தமாகப் பாலிஷ் போடுங்கள்" என்று கேட்பதே பெரும்பாலும் முதல் எண்ணமாக இருக்கும். அது மங்கலை மிகுதியாக்குவதோடு, மீண்டும் பெற இயலாத மேற்பூச்சையும் தேய்த்துவிடும். எனவே, தீர்வுக்கு முன் காரணத்தை அறிவது அவசியமாகிறது.

கருநிறத்தில் மட்டும் தெரிவது ஏன்?

இன்றைய கார்களில் நிறப்பூச்சின் மேல் 'கிளியர் கோட்' எனப்படும் நிறமற்ற பூச்சு உள்ளது. அதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் வரை மட்டுமே. தலைமுடியின் தடிமனைவிடவும் குறைவு. மெருகேற்றும்போது தேய்வது இந்தப் பூச்சுதான்.

ஒளி நேராக விழும்போது கிளியர் கோட்டின் மேற்பரப்பு ஏறத்தாழ 4 சதவீதத்தை மட்டுமே கண்ணாடிபோல் திருப்பி அனுப்புகிறது. எஞ்சிய ஒளி உள்ளே செல்கிறது. வெள்ளைக் காரில் அதன் பெரும்பகுதி நாற்புறமும் சிதறி வெளியே வருவதால், மேற்பரப்பின் நுண்கீறல்களால் ஏற்படும் சிறு சிதறல் அதில் மறைந்துவிடுகிறது. கறுப்புக் காரில் உள்ளே சென்ற ஒளியை நிறப்பூச்சு விழுங்கிவிடுகிறது. ஆகவே, மேற்பரப்பில் சிதறும் மிகச் சிறிதளவு ஒளியும் இருண்ட பின்னணியில் வெண்புகைபோல் துலங்குகிறது.

மங்கலின் வகைகள்

எல்லா மங்கலும் ஒன்றல்ல. முதலாவது, கீறல் மங்கல். கரடுமுரடான பேடும் காம்பவுண்டும் பெரிய கீறல்களை அகற்றும்போது, அவற்றினும் நுண்ணிய கீறல்களை விட்டுச்செல்கின்றன. இவை கோடுகளாகத் தெரியாமல் சீரான மூட்டமாகத் தெரியும். ஒரே திசையில் சுழலும் ரோட்டரி இயந்திரம், வெயிலில் காரைச் சுற்றி நடக்கையில் நம்முடன் நகர்வதுபோல் தோன்றும் வளைந்த பட்டைகளை உண்டாக்கும். சுழன்றபடியே அதிரும் 'டூயல் ஆக்‌ஷன்' இயந்திரத்தின் மங்கலில் அத்தகைய பட்டைகள் இருப்பதில்லை.

இரண்டாவது, பாலிஷின் எண்ணெய்ப் பசை சரியாகத் துடைக்கப்படாமல் படிந்திருப்பது. மூன்றாவது, உள்ளூர்ப் பட்டறையில் புதிதாக வண்ணம் அடிக்கப்பட்ட பகுதியில் தோன்றுவது. பூச்சு முழுமையாக உலர்வதற்குள் மெருகேற்றினால், எஞ்சிய கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு சுருங்கி, பளபளப்பு மீண்டும் குன்றிவிடும். நான்காவது, வெயிலில் சிதைந்த கிளியர் கோட். இதை எந்தப் பாலிஷாலும் சரிசெய்ய முடியாது; மறுபூச்சு ஒன்றே வழி.

கண்டறிவது எப்படி?

காரைக் கழுவி உலர்த்தி, நிழலில் உடல்தகடு குளிர்ந்த பின் சோதனையைத் தொடங்க வேண்டும். தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சிறு பகுதியில் தெளித்து, தூய மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தமின்றித் துடைக்க வேண்டும். மங்கல் மறைந்தால், அது வெறும் எண்ணெய்ப் படிவு. மாறாமல் இருந்தால், அது கீறல் மங்கலாகவோ பூச்சின் சிதைவாகவோ இருக்கலாம்.

துடைத்த பின் முன்பு இல்லாத கீறல்கள் வெளிப்பட்டால், அவை நீக்கப்படவில்லை. எண்ணெயாலோ மெழுகாலோ நிரப்பி மறைக்கப்பட்டிருந்தன என்று பொருள். சில முறை கழுவியதும் பளபளப்பு காணாமற்போவதற்கு இதுவே முக்கியக் காரணம். குழல்விளக்கின் பரவலான ஒளி இக்குறைகளைக் காட்டாது. நேர் வெயில் அல்லது சிறிய எல்.இ.டி. டார்ச்சின் சாய்வான ஒளி காட்டிக்கொடுத்துவிடும்.

நீக்கும் முறை

கீறல் மங்கலுக்குத் தேவை மென்மையான மெருகேற்றமே. மிருதுவான ஸ்பாஞ்சு பேடும், இறுதிக்கட்டத்துக்குரிய நுண்ணிய பாலிஷும், டூயல் ஆக்‌ஷன் இயந்திரமும் இதற்குப் பொருத்தமானவை. முதலில் ஓரடிச் சதுர அளவில் சோதித்துப் பார்த்து, ஆல்கஹாலால் துடைத்த பிறகும் கருமை தெளிவாக இருந்தால் மட்டுமே மற்றப் பகுதிகளுக்குச் செல்ல வேண்டும்.

இயந்திரத்தை மிதமான வேகத்தில் வைத்து, மெதுவாகவும் ஒன்றன்மேல் ஒன்று பாதி படியுமாறும் நகர்த்த வேண்டும். கடைசி ஓரிரு சுற்றுகளில் இயந்திரத்தின் எடையே போதுமானது. கை அழுத்தம் கூடாது. தேய்ந்த பூச்சுத்துகளும் பழைய பாலிஷும் சேர்ந்த பேடே புதிய கீறல்களை உண்டாக்கும் என்பதால், ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் அதைத் தூய்மை செய்ய வேண்டும். இதன் பின்னரும் மங்கல் நீடித்தால், அழுத்தத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக, பேடையும் பாலிஷையும் இன்னும் மென்மையானவையாக மாற்றிப் பார்க்க வேண்டும். மெழுகோ பாதுகாப்புப் பூச்சோ பூசுவது இவை யாவும் முடிந்த பிறகே.

ஈரப்பதமும் தூசியும்

கொல்கத்தாவின் தட்பவெப்பமும் கவனத்துக்குரியது. மழைக்கால ஈரப்பதத்தில் நீர் சார்ந்த பாலிஷ் எளிதில் உலராமல் பிசுபிசுப்பாகத் தங்கும். வெயிலில் சூடேறிய தகட்டிலோ உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். விரைவில் ஆவியாகும் தின்னர் கலந்த லாக்கர் வகைப் பூச்சை ஈரமான நாளில் அடித்தால், ஆவியாதலால் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மீது படிந்து பூச்சு வெளுத்துவிடும். இது பாலிஷ் மங்கல் அன்று.

குளிர்காலத் தூசிக்கு மற்றொரு பங்குண்டு. காலையில் உலர்ந்த துணியால் காரைத் தட்டித் துடைக்கும் பழக்கம், தூசியையே உப்புத்தாளாக மாற்றிவிடுகிறது. மெருகேற்றிய காரில் முதலில் கைவிட வேண்டியது இப்பழக்கத்தைத்தான். நிறைய நீர்விட்டுக் கழுவிய பின்பே துடைக்க வேண்டும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

கிளியர் கோட்டில் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. ஆண்டுதோறும் கடுமையாகத் தேய்த்தால் அப்பாதுகாப்பு குறைந்து, சில ஆண்டுகளில் பூச்சு வெளுத்து உரியத் தொடங்கும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மெல்லியதாக இருக்கும் என்பதால், அங்கே ஆபத்து அதிகம்.

கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014ஆம் ஆண்டு உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் போன்ற பழைய கார்களைப் பேணுவோர் கூடுதல் எச்சரிக்கை கொள்ள வேண்டும். பழைய வாகனங்கள் பலவற்றில் கிளியர் கோட் இன்றி ஒரே நிறப்பூச்சு மட்டுமே இருக்கும். அவற்றில் பேடில் ஒட்டும் நிறம், காரின் அசல் வண்ணமே ஆகும்.

பட்டறையில் காரை ஒப்படைக்கும் முன் மூன்றைக் கேட்பது நல்லது: பூச்சின் தடிமனைக் கருவியால் அளப்பார்களா? ஒரு சிறு பகுதியில் சோதித்துக் காட்டுவார்களா? மெழுகு பூசுவதற்கு முன், ஆல்கஹாலால் துடைத்த பரப்பை வெயிலில் பார்க்க அனுமதிப்பார்களா? கருவி கூட்டு அளவையே காட்டும். கிளியர் கோட்டைத் தனித்துக் காட்டாது. எனினும் ஓரிடத்தில் அளவு மிகக் குறைந்திருந்தால் அங்கே இயந்திரத்தை வைக்காமல் விடுவதே நலம். மெல்லிய பூச்சின்மீது எஞ்சும் சிறு மங்கல், பூச்சே இல்லாத காரைவிட மேலானது.